அறுபதாம் கல்யாணப் படங்களை பிளர் பண்ணக் கொடுத்து ஏமாந்தேன்

போன மாதம் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். அங்கே போனவர்களுக்குத் தெரியும், ஒரே நேரத்தில் எத்தனையோ ஜோடிகளுக்குச் சடங்கு நடக்கும். எந்தப் படத்தை எடுத்தாலும் பின்னால் அடுத்த வீட்டு அறுபது வயது மாப்பிள்ளை, பிளாஸ்டிக் வாளி, டியூப்லைட். பின்னணியை மட்டும் மங்கலாக்கித் தரச் சொல்லி எங்கள் ஊரில் ஒரு எடிட்டிங் கடையில் பென்டிரைவைக் கொடுத்தேன். படத்துக்கு 150 ரூபாய், 40 படம். "எல்லாம் கையால மாஸ்க் போட்டுப் பண்றதுண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. அதாவது, மங்கக்கூடாத ஆளின் ஓரத்தைக் கையால் வரைந்து தனியாகப் பிரித்து வைப்பது. முன்பணம் 3,000 ஜிபேயில் அனுப்பினேன்.

திரும்பி வந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒரே தட்டில் ஆட்டோமேட்டிக்காக ஓட்டியிருக்கிறார்கள். அம்மாவின் ஜிமிக்கி பாதி இருக்கிறது, பாதி கரைந்துவிட்டது. தலையில் வைத்த மல்லிகைச் சரம் பஞ்சு மாதிரி. அப்பாவைச் சுற்றி வேட்டி நிறத்தில் ஒரு வெள்ளை வட்டம், சாமி படத்து ஒளிவட்டம் போல. ஆளை வெட்டியெடுத்து, பின்னணியில் அந்த இடத்தை நிரப்பிவிட்டு பிளர் செய்யாவிட்டால் ஆளின் நிறம் வெளியே கசியும். தரையும் அப்படித்தான். காலடியில் தெளிவாக இருந்து, தூரம் போகப் போகத்தான் மங்க வேண்டும். இவர்கள் மொத்தமாக மங்கலாக்கியதில் இரண்டு பேரும் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இருக்கும் கலசத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் பாட்டியையும் 'பின்னணி' என்று அழித்துவிட்டார்கள். 88 வயதில் வேன் ஏறி வந்த மனுஷி. முகம் இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் திட்டு.

சத்தம் போட்டதும், "ஏஐல போட்டா தெளிவாயிடும்ணே" என்று ஒன்றைச் செய்து அனுப்பினார். யாரோ ஒரு பாட்டி சிரிக்கிறார். எங்கள் பாட்டிக்கு மேல்வரிசையில் பல்லே கிடையாது! மங்கிப்போன முகத்துக்குள் பழைய முகம் ஒளிந்திருக்காது. மென்பொருள் தானாக ஒன்றை வரைந்து வைக்கும், அவ்வளவுதான்.

சரி, ஒரிஜினலையாவது கொடுங்கள் என்றால், அதே பெயரில் அதன் மேலேயே சேவ் பண்ணிவிட்டார்களாம். படமெடுத்தவரும் மெமரி கார்டை அழித்துவிட்டார். காப்பி எடுக்காமல் பென்டிரைவைக் கொடுத்தது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கொடுப்பதானால் காப்பியை மட்டும் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு படத்தைச் செய்யச் சொல்லி, காது, முடி, விரல் இடுக்கெல்லாம் பெரிதாக்கிப் பாருங்கள். போன் திரையில் சின்னதாகப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். பின்னால் நிற்பவர்களில் யாரைத் தொடக்கூடாது என்று படத்திலேயே வட்டம் போட்டுக் கொடுங்கள். ஆளும் பின்னணியும் தனித்தனி அடுக்காக (லேயர்) இருக்கும் பிஎஸ்டி என்ற ஃபோட்டோஷாப் ஃபைலாகவும் கேட்டு வாங்குங்கள். மாஸ்க் போட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும், தப்பு இருந்தால் திருத்தவும் முடியும்.

இப்போது பாட்டி தெளிவாக இருப்பது தங்கச்சி போனில் எடுத்த இரண்டு படங்களில்தான், வாளியோடு. இந்த அழகில் மீதி 3,000 கேட்டு அந்தத் தம்பி தினமும் போன் பண்ணுகிறார்.