லேத் கையேட்டை எந்த வரிசையில் எழுதுவது? ஓசூர் பட்டறைகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில், கணினி வழி ஓடும் கடைசல் இயந்திரமான சி.என்.சி. லேத்தின் கையேடு பெரும்பாலும் அலுவலக அலமாரியில் கிடக்கிறது. ஆபரேட்டருக்கு வேண்டிய நான்கு வரிகள் கண்ட்ரோல் பேனலின் ஓரத்தில் ஒட்டிய துண்டுத் தாளில் இருக்கின்றன, எழுதியவர் மிஷினை வேலைக்குத் தயார்செய்து தரும் செட்டர். "இவர்கள் எதையும் படிக்க மாட்டார்கள்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அந்தத் தாளை ஷிஃப்டுக்குப் பத்து முறை படிக்கிறார்கள். கோளாறு கையேட்டைப் பிரித்த விதத்தில்தான்.

பழைய வழக்கம் பாகவாரியாகப் பிரிப்பது: சுழலும் ஸ்பிண்டில், பொருளைப் பிடிக்கும் சக், டூல்களைத் தாங்கும் டர்ரட், கூலண்ட், கண்ட்ரோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். எழுதுகிறவருக்கு இது சுலபம். மெயின்டெனன்ஸ்காரருக்கும் தோதானது, டர்ரட் சுற்றவில்லையென்றால் டர்ரட் அத்தியாயத்தைத் திறப்பார். ஆபரேட்டரின் கேள்வியோ ஒரு பாகத்துக்குள் அடங்குவதில்லை. ஷாஃப்டின் வெளிவிட்டம் 0.02 மி.மீ. கூடுதலாக வருகிறது என்று வையுங்கள். வெட்டும் சில்லான இன்சர்ட் ஓர் அத்தியாயத்தில், டூலின் அளவைத் திருத்தும் ஆஃப்செட் திரை இன்னோர் அத்தியாயத்தில். இரண்டையும் சேர்த்து "இப்போது இதைச் செய்" என்று சொல்லும் பக்கம் எங்குமே இல்லை.

அடுத்தது டிட்டா (DITA) என்ற ஆவண எழுத்து முறை. ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் ஓயாசிஸ் என்ற தரநிர்ணய அமைப்பின் தரமுறையானது. ஒவ்வொரு பக்கமும் கருத்து, பணி, குறிப்பு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஒரே கம்பெனி பல மாடல்களைச் செய்தால் இதன் பலம் தெரியும்: சக் பிரஷர் வைக்கும் பக்கத்தை ஒருமுறை எழுதி எல்லா மாடல்களின் கையேட்டிலும் சேர்க்கலாம். ஆனால் அதற்குப் பக்கங்களைக் குறியிட்டு எழுதும் எக்ஸ்.எம்.எல். கருவியும் அதைக் கட்டி மேய்க்க ஆளும் வேண்டும். ஐ.டி.ஐ. முடித்துப் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி முதல் நாள் வேலைக்கு வரும் இளைஞரைக் கைபிடித்துப் பழக்கும் பாடத்துக்கு அந்த மூன்று வகைகளில் இடமில்லை. பயிற்சிக்கான வகைகள் பின்னால்தான் சேர்ந்தன.

மூன்றாவது, டேனியேலே புரோசிடா வகுத்த டயடாக்சிஸ் என்ற ஆவணப் பிரிப்பு முறை. மென்பொருள் உலகில் வளர்ந்தது. அது வாசகரைப் பற்றி இரண்டே கேள்விகள் கேட்கிறது: பழகுகிறாரா, வேலையில் இருக்கிறாரா? கை ஓட வேண்டுமா, விவரம் தெரிய வேண்டுமா? இவற்றிலிருந்து பாடம், செய்முறை, குறிப்பு, விளக்கம் என்ற நான்கு வகைகள் வருகின்றன.

அந்த 0.02-ஐ இதில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். செய்முறைப் பக்கம் ஐந்தாறு வரிதான்: ஜாப்பை (வெட்டிய பொருளை) அளந்து பார், தேய்மான ஆஃப்செட் திரையைத் திற, அந்த டூலின் வரிசையில் எக்ஸ் மதிப்போடு மைனஸ் 0.02 சேர், அடுத்த ஜாப்பை ஓட்டி மறுபடி அள. ஏன் மைனஸ் என்பது விளக்கப் பக்கத்தின் வேலை. இன்சர்ட்டின் முனை தேயத் தேய வெட்டு குறைகிறது. வெளிவிட்டம் பெருக்கிறது, போரின் (குடைந்த துளையின்) உள்விட்டமோ சிறுக்கிறது. ஆகவே 0.02 சிறுத்த போருக்கு பிளஸ் 0.02. லேத்தில் எக்ஸ் பொதுவாக விட்டக் கணக்கில் இருப்பதால் பாதியாக்க வேண்டியதும் இல்லை. இதையெல்லாம் செய்முறைக்குள் திணித்தால் நைட் ஷிஃப்டில் நிற்பவருக்கு வேண்டிய வரி புதைந்துபோகும். முற்றிலும் விட்டுவிட்டால் அடுத்த வாரம் போருக்கும் மைனஸ் போட்டு ஜாப் ரிஜெக்ட் ஆகும். இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனிப் பக்கங்களில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிகாட்டும் ஒரு வரியோடு. இந்தப் பிரிவினைக்காகவே நான் டயடாக்சிஸின் பக்கம்.

மிஷின் கோளாறைத் திரையில் காட்டும் அலாரம் விஷயத்தில் மட்டும் அது எனக்குப் போதவில்லை. அலாரம் எண்ணைத் தேடுவது குறிப்பு. மிஷினை மறுபடி ஓட வைப்பது செய்முறை. நின்றுபோன மிஷினுக்கு முன்னால் நிற்பவரை இரண்டு இடங்களுக்கு அலையவிடுவது அநியாயம். 2015-இல் வந்த டிட்டா 1.3 பழுது நீக்கலுக்கென்றே ஒரு பக்க வகையைச் சேர்த்தது: அறிகுறி, காரணம், தீர்வு. நான்கு வகைப் பிரிவை எடுப்பவர்கள் இந்த அமைப்பைத் தயங்காமல் கடன் வாங்கலாம்.

பத்துப் பதினைந்து மாடல்களும் தனி எழுத்துக் குழுவும் உள்ள தயாரிப்பாளருக்கு டிட்டாவின் செலவு தகும். ஓரிரு மாடல் செய்பவருக்கும், பழைய லேத்துக்குப் புதிய கண்ட்ரோல் பொருத்தித் தரும் பட்டறைக்கும் டயடாக்சிஸ் போதும். சாதாரண வேர்ட் ஃபைலிலேயே செய்யலாம். முதலில் செய்முறைகளை எழுதுங்கள், அடுத்து அலாரம் பக்கங்கள், பிறகு முதல் வாரத்துக்கான பாடம். பாகவாரி வரிசையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குறிப்புப் பகுதி இயந்திரத்தின் அமைப்பை ஒட்டியே இருக்க வேண்டும் என்று டயடாக்சிஸும் சொல்கிறது. பழைய கையேட்டின் அத்தியாயங்களில் பெரும்பகுதியை அங்கே அப்படியே வைத்துக்கொள்ளலாம்.