புயலில் நனைந்த சரக்கும் ஆடிட்டர் போட்ட கணக்கும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், வேளச்சேரியிலுள்ள என் நோட்டுப் புத்தக மொத்த விற்பனைக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கடைக் காப்பீட்டை அவ்வாண்டு நான் புதுப்பிக்கத் தவறியிருந்ததால், இழப்பில் எவ்வளவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று அறிய ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை நாடினேன்.

எதெல்லாம் கழியாது என்பதை அவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் பாழான பீரோ, ஃபிரிட்ஜ், சொந்த ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது. விற்பனைச் சரக்கு அப்படியன்று. அது வியாபாரத்தின் போக்கில் நேர்ந்த நட்டம் என்பதால், அவ்வாண்டு லாபத்திலேயே குறைத்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் 8 விழுக்காட்டை லாபமாகக் காட்டும், அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு முறைக்குப் போகாமல் நான் முழுக் கணக்கு எழுதி வந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

பேப்பர் வெட்டும் இயந்திரத்தில்தான் என் கணக்கு தப்பியது. அதன் மதிப்பு முழுவதையும் அந்த ஆண்டே கழித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். ஆனால், வரிக் கணக்கில் கடையின் மற்ற இயந்திரங்களோடு சேர்த்து அது ஒரே தொகுப்பாக எழுதப்பட்டிருப்பதால், பழைய இரும்புக்கு விற்றுக் கிடைத்த தொகை மட்டுமே தொகுப்பின் மதிப்பிலிருந்து குறையும் என்றும், மீதிக்கு வழக்கம்போல ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் தொடரும் என்றும் தாள் எடுத்து எழுதிக் காட்டினார்கள். இல்லாத இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவது விநோதமாகத்தான் இருக்கிறது.

ஆதாரம் திரட்டுவதில் அவர்கள் கறாரானவர்கள். நான் அவர்களை அழைப்பதற்குள் பாதி நோட்டுகள் புகைப்படம் எடுக்கப்படாமலே குப்பை லாரியில் ஏறிவிட்டிருந்தன. படமில்லாத அந்தச் சரக்கை, கொள்முதல் பில்களையும் இருப்புப் பதிவேட்டையும் ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டு முடித்த பிறகே நட்டத்தில் சேர்த்தார்கள். இதற்கு 3 வாரம் பிடித்தது.

குறை என்றால் ஜிஎஸ்டி விஷயம்தான். அழிந்துபோன சரக்கை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்ட தொகையை, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி திருப்பிவிட வேண்டும். நோட்டுகளுக்கு அப்போதிருந்த 12 விழுக்காடு என்ற கணக்கில், 4 லட்சம் ரூபாய்க் கொள்முதலுக்கு 48,000 ரூபாய் கையை விட்டுப் போயிற்று. இதை ஏப்ரலில்தான் சொன்னார்கள். டிசம்பரிலேயே சொல்லியிருந்தால் தாமதத்துக்கான வட்டியாவது மிஞ்சியிருக்கும். கேட்டதும் தவற்றை ஒப்புக்கொண்டு, 15,000 ரூபாய்க் கட்டணத்தில் 3,000 ரூபாயைக் குறைத்தார்கள்.