14 மாதம் ஓட்டிப் பார்த்த வயர் இல்லாத சைக்கிள் மீட்டர்

வாங்கி வந்த அன்றே வீட்டில் கேட்ட கேள்வி, "ஃபோன்ல தான் எல்லாம் வருதே, இது எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஃபோனை ஹேண்டில்பாரில் மாட்டி ஆப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவன் நான், ஆனால் ஏழரை மணி வெயிலில் சென்னை ஈசிஆர் கடற்கரைச் சாலையில் அந்தத் திரையில் என் முகம்தான் தெரியும், வேகம் தெரியாது. அதோடு மழைத் துளி பட்டால் திரை தானாகவே எதையாவது அழுத்திக்கொள்ளும். அதனால்தான் 1,350 ரூபாய் கொடுத்து இந்தத் தீப்பெட்டி அளவுச் சாமானை வாங்கினேன். வேகம், இன்றைய தூரம், மொத்த தூரம், சராசரி, அதிகபட்ச வேகம், மணி, அவ்வளவுதான் காட்டும். வரைபடம் கிடையாது, இதயத் துடிப்பு கிடையாது, யாருக்கும் எதையும் அனுப்பாது.

உள்ளே நடப்பது ரொம்ப எளிய விஷயம். முன் சக்கரத்துப் போக்ஸ் கம்பியில் ஒரு காந்தம், அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் சென்சாருக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டிப் பிரியும், அந்தச் செய்தி வயர் இல்லாமல் மேலே ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டருக்குப் போகும். 25 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் இது நடக்கிறது. ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நாம் சொல்லிவிட்டால் மீதிக் கணக்கை அது போட்டுக்கொள்ளும்.

வினையே அந்த மில்லிமீட்டரில்தான். பெட்டியிலிருந்து எடுத்தபோது 2096 என்று இருந்தது, அது மெல்லிய ரேஸ் டயருக்கான எண். என்னுடையது ஹைப்ரிட் சைக்கிள், அதைவிடத் தடித்த 700x32 டயர். நான் கவனிக்காமல் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, கிலோமீட்டர் கல்லுக்கும் மீட்டருக்கும் ஒத்துப்போகவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, காற்று சரியாக அடித்து, நான் ஏறி உட்கார்ந்து, பையன் பிடித்துக்கொள்ள, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிமெண்ட் தரையில் ஒரே ஒரு சுற்று உருட்டினேன். தரையில் பதிந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே அளந்தால் 2148. அதாவது 50 கிலோமீட்டர் போனால் பழைய எண் 1.2 கிலோமீட்டரை விழுங்கிவிடுகிறது. பெட்டியில் வரும் அட்டவணையைப் பார்த்து எண் போட்டாலும் பெரிய தப்பு வராது, ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் உருட்டி அளப்பதுதான் சுத்தம்.

மாட்டுவதிலும் சொதப்பினேன். காந்தத்தைக் கீழே அச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று அங்கே வைத்தேன், சென்சாரும் அங்கேயே. வேகம் திடீர் திடீரென்று பூஜ்யமாகிவிடும். காந்தம் போக்ஸ் கம்பியில் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் கடக்கும், கணக்கு மாறாது. ஆனால் சென்சாரிலிருந்து மேலே இருக்கும் மீட்டருக்கு 70 சென்டிமீட்டருக்கு மேல் போனால் என்னுடையதற்குக் காது கேட்காது. சென்சாரை ஃபோர்க்கில் ஒரு சாண் மேலே ஏற்றி, காந்தத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பென்சில் நுழையாத அளவு இடைவெளி விட்டு இறுக்கியதும் சரியாகிவிட்டது.

அடுத்தது விளக்கு. விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க: மீட்டரில் வெளிச்சம் கிடையாது, தெருவிளக்குக்குக் கீழே போகும்போது எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதைவிட வேடிக்கை, மின்னி மின்னி எரியும் மலிவான எல்இடி விளக்கை இதற்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன், ஒருநாள் சிக்னலில் காலை ஊன்றி நிற்கிறேன், மீட்டர் 74 காட்டுகிறது. அன்றைய அதிகபட்ச வேகம் 91! விளக்கின் சர்க்யூட் கிளப்பும் இரைச்சலைச் சக்கரத்தின் செய்தி என்று எடுத்துக்கொள்கிறது. விளக்கை ஹேண்டில்பாரின் அந்தப் பக்கத்துக்கு மாற்றினேன், அதோடு நின்றது. இதே மாதிரி மீட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒட்டி ஓட்டினால் அவர் சக்கரத்தையும் சில நேரம் இது எண்ணிவிடுகிறது. அடையாள எண்ணோடு செய்தி அனுப்பும் விலை கூடிய வகைகளில் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு திட்டினாலும் கழற்றிப் போட மனசு வரவில்லை, காரணம் அந்தச் சராசரி. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜூலையில் தெற்கே போகும்போது காற்று முகத்தில் அறையும், திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். ஒருநாள் போகும்போது 20, வரும்போது 30, ஆக 25 வந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் மீட்டர் 24 என்கிறது. இதுவும் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டால், போக ஒரு மணி நேரம், வர 40 நிமிடம், 100 நிமிடத்தில் 40 கிலோமீட்டர், சரியாக 24! எதிர்காற்றில் இழந்ததைத் திரும்பி வரும்போது முழுசாகப் பிடிக்கவே முடியாது. டீக்கடையில் நிற்கும் நேரத்தை இது சேர்ப்பதில்லை, சக்கரம் சுற்றும் நேரம் மட்டும்தான் கணக்கு, அதனால் இரண்டாவது டீயைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் குடிக்கலாம்.

வயர் உள்ளதா, இல்லாததா என்று கேட்டால், வயர் உள்ளதே வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். விலை குறைவு, சென்சாருக்குத் தனி பேட்டரி வேண்டாம், விளக்குத் தொல்லையும் இல்லை. சைக்கிளை அடிக்கடி காரில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கும், முன் சக்கரத்தைக் கழற்றுகிறவர்களுக்கும் வயர் சிக்கி அறுந்துபோகும், அவர்களுக்கு மட்டும் இது. மழையைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு நவம்பர் முழுக்க நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை.

மீட்டருக்கும் சென்சாருக்கும் பேட்டரி சிஆர்2032 பட்டன் செல்தான், வாட்ச் கடையில் கிடைக்கும். பதினோராம் மாதம் மீட்டரில் எழுத்து மங்கியது. வாட்ச் கடை அண்ணன் அரை நிமிடத்தில் மாற்றிவிட்டு, "முடிஞ்சுது சார், அறுபது ரூபா" என்று கையில் கொடுத்தார். பார்த்தால் மொத்த தூரம் பூஜ்யம். 1,870 கிலோமீட்டர் போயே போச்சு. செல்லைக் கழற்றினால் என்னுடையதில் எல்லாம் அழிந்துவிடும், டயர் எண்ணையும் மறுபடி போட வேண்டும் என்று கையேட்டில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. இப்போது மாதம் பிறந்தால் சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், கிலோமீட்டரையும் எழுதி வைக்கிறேன்.