திருச்செந்தூருக்கு நாயுடன் செல்வோர் விடுதிக்கு முன்பணம் அனுப்பும் முன் வாசிக்கவும்

கோடை விடுமுறையில் வளர்ப்பு நாயுடன் திருச்செந்தூர் கடற்கரைக்குச் செல்ல எண்ணியிருப்பவர்கள், "நாயைக் கொண்டு வரலாம்" என்று விடுதிக்காரர் தொலைபேசியில் சொல்வதை மட்டும் நம்பி முன்பணம் அனுப்ப வேண்டாம். அப்படி நம்பிச் சென்ற நாங்கள் பணத்தை இழந்தோம். நாயின் உயிர் மயிரிழையில் தப்பியது.

தங்கை மகனுக்கு முடியிறக்குவதற்காக வீட்டைப் பூட்டிவிட்டு அனைவரும் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட வேண்டியிருந்ததால், கன்னி என்ற நாட்டு இனத்தைச் சேர்ந்த எங்கள் நாயையும் உடன் அழைத்துச் செல்ல முடிவு செய்தோம். கடற்கரைக்கு அருகிலுள்ள ஒரு விடுதியை அழைத்து, நாயின் இனம், உயரம், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட விவரம் அனைத்தையும் சொன்னேன். "தாராளமாக் கொண்டு வாங்க அண்ணாச்சி, ரூம்லயே வச்சுக்கிடலாம்" என்ற பதில் வந்த பிறகே கூகுள் பே வழியாக 1,500 ரூபாய் அனுப்பினேன்.

போய் இறங்கியதும் பேச்சு மாறியது. அறைக்குள் நாயை விட முடியாது என்றும், முன்பணம் திரும்ப வராது என்றும், கூடுதலாக 500 ரூபாய் கட்டினால் பின்புறத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். வேப்பமர நிழலில் தண்ணீர்ச் சட்டியுடன் ஓர் இடத்தையும் காட்டினார்கள். கடலில் குளிப்பவர்கள் ஈர உடையுடன் நாழிக்கிணற்றுக்கு நடக்கும் அந்தக் கூட்டத்தில், குழந்தைகளுக்கு நடுவே உயரமான வேட்டை நாயை இழுத்துச் செல்வது யாருக்கும் நல்லதல்ல. கோயிலுக்குள் நாயைக் கொண்டு செல்லவும் முடியாது. ஆகவே பணத்தைக் கட்டி, அவர்கள் காட்டிய மரத்தடியில் நாயைக் கட்டிவிட்டுச் சென்றோம்.

தரிசனம் முடிந்து பகல் ஒரு மணிக்குத் திரும்பியபோது அந்த நிழலில் ஒரு வேன் நின்றது. வேனுக்கு இடம் வேண்டும் என்பதற்காக நாயை அவிழ்த்துக் கொண்டுபோய், மூன்று பக்கமும் அடைத்த தகரக் கொட்டகையில் குட்டைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தண்ணீர்ச் சட்டி மரத்தடியிலேயே கிடந்தது. எழுந்து நிற்க முடியாமல், ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கோழையாக வழிய அது இரைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு என் அம்மா அழுதுவிட்டார்கள்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே பெரும்பாலும் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கடலோரத்தின் ஈரக்காற்றில், அதுவும் காற்றோட்டமில்லாத தகரத்துக்கு அடியில், எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நிழலுக்குத் தூக்கிச் சென்று உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் சேர்த்தபோதும் எங்கள் நாய்க்கு 106 டிகிரி இருந்தது. ஈரச் சாக்கால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்பதால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் சரி என்றார் மருத்துவர். வெப்பத்தாக்கு சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் மறுநாள் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரத்தப் பரிசோதனை செய்தோம். இப்போது தேறிவிட்டது.

விடுதியில் நியாயம் கேட்டபோது, நாய்க்குத் தாங்கள் பொறுப்பேற்கவே இல்லை என்று சாதித்தார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால், அந்த 500 ரூபாய் 'வாகன நிறுத்தக் கட்டணம்' என்று எழுதப்பட்டிருந்தது. வாயில்லாச் சீவனைப் பார்த்துக்கொள்வதாகக் காசு வாங்கிக்கொண்டு, கணக்கில் அதை வண்டியாக எழுதியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனவே, நாய் அறைக்குள்ளேயே தங்கலாமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு, மறுத்தால் முன்பணம் திரும்புமா என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் அனுப்புங்கள். அறையில் இடமில்லை என்று அங்கே போன பின் சொன்னால், எந்த மரத்தடியையும் ஒப்புக்கொள்ளாமல் வேறு விடுதி தேடுங்கள், அல்லது வீட்டாரில் ஒருவர் மாற்றி ஒருவர் நாயுடன் இருந்து மற்றவர்களை அனுப்புங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கும் தொடரலாம். நாங்கள் புகார் கொடுத்த பிறகு, ரசீதைத் திருப்பித் தந்தால் 500 ரூபாயைத் தந்துவிடுவதாக விடுதியிலிருந்து அழைத்தார்கள். ரசீதைக் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.