“75 வாட் போதும் சார்” என்று ஆண்டெனா விற்க வருபவரிடம் கவனம்

இம்யூனிட்டி சோதனைக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையில் கருவி தடுமாறாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு, சொந்தமாக ஓர் அறை போட நினைக்கும் சிறு தொழில்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் இப்போது சிலர் இந்த யோசனையில் இருக்கிறார்கள். எங்களை ஏமாற்றிய அதே டீலரின் விலைப்புள்ளி அவர்களில் இரண்டு பேர் மேஜையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் அவசரம். டீலரின் பெயரைப் போடவில்லை. பணம் இன்னும் இழுபறியில் இருக்கிறது, பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நடந்ததை எழுத அவர் தடை சொல்லவில்லை.

நாங்கள் பம்புகளுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்கிறோம். ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டுமானால், அங்குள்ள விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சி.இ. முத்திரை வேண்டும். தொழிற்சாலைச் சூழலுக்கான பொதுத் தரமான ஐ.இ.சி. 61000-6-2, 80 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 10 வோல்ட் மின்புலத்தில் கருவி தடுமாறாமல் ஓட வேண்டும் என்கிறது. அந்தப் புலத்தை எப்படி உண்டாக்குவது, எப்படி அளப்பது என்று சொல்வது 61000-4-3. இறுதிச் சான்றுக்கு எப்படியும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே போய்த் தோற்று, திரும்பி வந்து சர்க்யூட்டை மாற்றி, மறுபடி தேதிக்குக் காத்திருப்பது பெரிய செலவு. முன்சோதனையை நம் இடத்திலேயே செய்துகொண்டால் மிச்சம். இந்தக் கணக்கில் எந்தக் கோளாறும் இல்லை, இன்றும் அதையே சொல்வேன்.

உலோகச் சுவரும் அலையை உறிஞ்சும் ஃபெரைட் ஓடும் பதித்த அறையை வேறொரு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டெனா, ஆம்ப்ளிஃபயர், கேபிள், ஸ்டாண்ட், புலம் அளக்கும் புரோப் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தருகிறேன் என்று வந்தவர்தான் இந்த டீலர். “ஹை பவர் ஆண்டெனா சார், ஒரு கிலோவாட் தாங்கும்” என்பதுதான் முதல் பேச்சு.

அவர் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதைத்தான் போடுவார். வாட்டை ஆண்டெனாவின் கெயினால் (அலையை ஒரு திசையில் எத்தனை மடங்கு குவிக்கிறது என்ற அளவு) பெருக்கி, அதை 30 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் மின்புலம் வரும். சூத்திரம் சரி. கெயின் 6.5 டெசிபெல், அதாவது சுமார் நாலரை மடங்கு. தூரம் 3 மீட்டர். 10 வோல்ட்டுக்கு ஏழு வாட்கூட வேண்டாம். “நாங்கள் 75 வாட் தருகிறோம், பத்து மடங்குக்கு மேல் கையிருப்பு.” கேட்கும்போது யாருக்கும் மனம் நிறையும்.

இதில் எங்கெங்கே ஓட்டை என்று பாருங்கள். சோதனையில் பாய்ச்சும் அலை சும்மா இருக்காது. 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் 80 சதவீதம் வீச்சுப் பண்பேற்றம் (மாடுலேஷன்) செய்யப்பட்டிருக்கும், அதாவது அலையின் வீச்சு ஏறி இறங்கும். அதன் உச்சி, பண்பேற்றம் இல்லாத அலையைப் போல 1.8 மடங்கு. ஆம்ப்ளிஃபயர் அந்த உச்சியை மழுங்காமல் தர வேண்டும் என்பதற்காகவே, 10 வோல்ட் சோதனைக்கு மாடுலேஷன் இல்லாமல் 18 வோல்ட் வரை புலத்தை ஏற்றி அளவுதிருத்தம் செய்கிறார்கள். புலம் 1.8 மடங்கு என்றால் வாட் 3.24 மடங்கு. ஏழு வாட் இருபத்திரண்டு ஆகிறது. இதுகூடப் பரவாயில்லை.

அந்த 6.5 டெசிபெல் எங்கிருந்து வந்தது? கையேட்டில் ‘டிப்பிக்கல்’ என்று ஒரு சொல் பொடியெழுத்தில் இருந்தது. 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஆண்டெனா அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 80 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 3.75 மீட்டர். அறைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிய ஆண்டெனா அந்த இடத்தில் மூச்சு வாங்கும். கெயின் வரைகோட்டின் இடது ஓரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் மைனஸ் 3 டெசிபெல், அதாவது பாதி. இப்போது சூத்திரத்தில் போடுங்கள்: 18 வோல்ட்டுக்கு 194 வாட். கேபிளில் ஒன்றரை டெசிபெல் போகும், அதைச் சேர்த்தால் 270-ஐத் தாண்டும். இதுவும் நடுப்புள்ளிக்கு மட்டும்தான். தரம் கேட்பது ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சதுரத்தில் அரை மீட்டர் இடைவெளியில் 16 புள்ளிகள். அவற்றில் 12 புள்ளிகளிலாவது புலம் குறித்த அளவுக்குக் குறையாமலும், அதற்கு மேல் 6 டெசிபெலைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கணக்கில் சேரும் புள்ளிகளில் பலவீனமானதுதான் ஆம்ப்ளிஃபயரின் அளவைத் தீர்மானிக்கிறது. 75 வாட் என்பது எந்தக் காலத்திலும் நடக்கிற காரியமே அல்ல. விற்றவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. ஏனென்றால் டெமோவை அவர் அமைத்த விதம் அப்படி.

டெமோ நாளன்று புரோப்பைச் சதுரத்தின் நடுவில் மட்டும் வைத்தார். மாடுலேஷன் போடவில்லை. 80 மெகாஹெர்ட்ஸில் ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திறந்தார். திரையில் 10.4 வந்தது. “வந்துவிட்டது பாருங்கள்” என்று செல்பேசியில் படம் எடுத்து, அதையே ஏற்புச் சான்றோடு இணைத்துக் கையெழுத்துக் கேட்டார். இரண்டு மூன்று அலைவரிசைகளில் சில நிமிடம்தான் ஓட்டினார். “அப்புறம் சாஃப்ட்வேர் எல்லாம் பார்த்துக்கொள்ளும்.”

அந்த 10.4-ம் பொய். புரோப்புக்கு அலைவரிசை தெரியாது. தன்மேல் விழும் எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண்ணாகச் சொல்லும். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைவரை முடுக்கினால் அலையின் உச்சி தட்டையாகி, 80 மெகாஹெர்ட்ஸோடு அதன் மூன்று மடங்கான 240 மெகாஹெர்ட்ஸிலும் வேண்டாத அலை கிளம்பும். ஆம்ப்ளிஃபயரின் வாயில் அது சிறியதுதான். ஆனால் நம் ஆண்டெனாவுக்கு 80-இல் கெயின் மைனஸ் 3, 240-இல் பிளஸ் 6.5. வேண்டாத அலையை ஒன்பதரை டெசிபெல் தூக்கிக் கொடுக்கிறது. எங்கள் ஆர் அண்டு டி-யில் இருக்கும் பெண்ணுக்குச் சந்தேகம் வந்து, புரோப் இருந்த இடத்தில் அலையை வாங்கும் ஒரு சிறிய ஆண்டெனாவை வைத்து, அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வழியாக, அலைவரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தார். ஆண்டெனாவின் திருத்தக் காரணிகளைக் கழித்த பிறகும் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது அந்த 240 மெகாஹெர்ட்ஸ் அலை, 80 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை அலைக்கு 3 டெசிபெல் கீழே நின்றது. குறைந்தது 6 டெசிபெல் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் 10.4-இல் 80 மெகாஹெர்ட்ஸின் உண்மையான பங்கு எட்டரைதான். அதாவது 18 வேண்டிய இடத்தில் எட்டரை. இந்தப் புலத்தில் தேறிய கருவியை நம்பி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே படுத்துவிடும். படுக்காமல் கப்பல் ஏறினால் இன்னும் மோசம். டீலரிடம் அந்த அனலைசர் திரையின் படத்தைக் காட்டியபோது, “அனலைசரை யார் கேட்டார்கள், தரத்தில் புரோப்பால்தான் அளக்கச் சொல்லியிருக்கிறது” என்றார். வாயடைத்துப் போகும் பதில்.

சரி, ஆம்ப்ளிஃபயரை மாற்றிக்கொள்ளலாம், ஆண்டெனாவாவது ஒரு கிலோவாட் தாங்குமே என்று இருந்தோம். கீழ் அலைவரிசைகளில் 60 வாட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, கேபிளில் போகும் பவரையும் திரும்பும் பவரையும் தனித்தனியே காட்டும் டைரக்‌ஷனல் கப்ளரில் முன்னோக்கிப் போகும் பவர் அசையாமல் நிற்க, திரும்பி வரும் பவர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நிறுத்திவிட்டு உள்ளே போனால் கருகிய வாசனை. ஆண்டெனாவின் கழுத்தில், கேபிளை ஆண்டெனாவின் கைகளோடு பொருத்தும் பாலன் இருக்கும் அலுமினியப் பெட்டியைத் தொட முடியவில்லை. சூட்டில் அதன்மேல் ஒட்டியிருந்த ‘ஒரு கிலோவாட்’ ஸ்டிக்கரின் ஒரு மூலை சுருண்டு எழுந்திருந்தது. நகத்தால் இழுத்தோம். அடியில் தயாரிப்பாளரின் அசல் முத்திரை. மாடல் எண்ணைத் தேடினால், அது உமிழ்வு அளப்பதற்கான ஆண்டெனா. வெளியிலிருந்து வரும் அலையைக் கேட்பதற்குச் செய்தது. உள்ளே பவர் கொடுத்தால் 10 வாட் வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். கூட வந்த அளவுதிருத்தச் சான்றை எடுத்துப் பார்த்தால் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இந்த உடம்போடு ஒத்துப்போகவில்லை. டெமோ ஏன் சில நிமிடத்தில் முடிந்தது என்பதும் விளங்கியது.

உண்மையான ஹை பவர் ஆண்டெனாவிலும் ஒரு விஷயம் உண்டு. தாங்குதிறன் என்பது ஒற்றை எண் அல்ல. அலைவரிசை ஏற ஏற கனெக்டரும் கேபிளும் சூடாகி அளவு இறங்கும். 80 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோவாட் தாங்கும் என்-வகைக் கனெக்டர் 1 கிகாஹெர்ட்ஸில் அதைத் தாங்காது. பெரிய பவருக்கு 7/16 வகைக் கனெக்டர் கேட்பது அதனால்தான். அலைவரிசைக்கு எதிராகத் தாங்குதிறன் வரைகோடு தராதவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அமைத்துக் கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டாண்ட் இரும்புக் குழாய், அதுவே அலையைத் திருப்பியடிக்கும். ஆண்டெனாவுக்கும் சோதனைப் பொருளுக்கும் நடுவே தரையில் அலை உறிஞ்சும் கூம்புகள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதிச் சில புள்ளிகளில் புலத்தையே தின்றுவிடும். அவை விலைப்புள்ளியிலேயே இல்லை. கதவு திறந்தால் ஆம்ப்ளிஃபயர் அணையும் இணைப்பு இல்லை. அவர்கள் டெக்னீஷியன், பாவம் சின்னப் பையன், பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்ப் புரோப்பை நகர்த்தினான். 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பொதுமக்களுக்கு, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. சொல்லும் வரம்பு மீட்டருக்கு 28 வோல்ட். ஆண்டெனாவின் கைகளுக்குப் பக்கத்தில் அதெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். நான்தான் கத்தி வெளியே அழைத்தேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் இன்னொன்று. அறை தயாராகும் முன்பு, “எதற்குக் காத்திருக்கிறீர்கள், ஷெட்டிலேயே திறந்தவெளியில் ஓட்டிப் பார்க்கலாம், எல்லாரும் செய்கிறார்கள்” என்றார். எங்கள் ஷெட் பீளமேட்டில், விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரம். 80-இலிருந்து ஏறும்போது முதலில் பண்பலை வானொலி, 108-இலிருந்து விமானத்துக்கு வழிகாட்டும் அலைகள், 118-க்கு மேல் விமானிகள் பேசும் அலைகள், அப்புறம் செல்பேசி. எல்லாவற்றின் மேலும் ஏறி மிதித்துக்கொண்டு போகச் சொல்கிறார். உரிமம் இல்லாமல் வெளியில் அலை பரப்புவது சட்டப்படி குற்றம். கவச அறைக்குள் இந்தச் சோதனையை வைத்திருப்பதே அதனால்தான். இந்த யோசனையை உங்களிடம் ஒருவர் சொன்னால், அவர் விற்கும் பொருளைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். வணிகப் பயனுக்கு வாங்கிய பொருள் என்பதால் 2019 நுகர்வோர் சட்டத்தின் கதவு நமக்குப் பெரும்பாலும் திறக்காது. கடைசித் தவணையை நாங்கள் நிறுத்தியதும், அவர் 2006 குறு, சிறு தொழில் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். சிறு நிறுவனத்துக்குப் பாக்கி வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்பது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தில், பொருள் வந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அந்தக் குறை தீர்க்கப்படும் நாளைத்தான் ஏற்பு நாளாகக் கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் கணக்காளர் டெமோவுக்கு மறுநாளே, ‘16 புள்ளி அளவு காட்டப்படவில்லை’ என்று பதிவுத் தபால் அனுப்பியிருந்தார். அந்தத் தபால் ரசீதுதான் இன்று எங்கள் கையில் இருக்கும் பலம். தொலைபேசியில் திட்டியதெல்லாம் கணக்கில் வராது.

பர்ச்சேஸ் ஆர்டரில் ‘10 வோல்ட் சோதனைக்கு ஏற்றது’ என்று எழுத விடாதீர்கள், அது எதையும் குறிக்காது. எங்கள் அறையில், 3 மீட்டர் தூரத்தில், 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து, ஆண்டெனாவைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வைத்து இரண்டிலும், மாடுலேஷன் இல்லாமல் 18 வோல்ட் புலம் 16-இல் 12 புள்ளிகளில் காட்டப்பட வேண்டும். ஹார்மோனிக் அளவு புலத்திலேயே அளந்து காட்டப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாதிப் பணம். இப்படி எழுதுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வாட் எண் முழு முடுக்கத்திலா, அலை மழுங்காத நிலையிலா என்று கேளுங்கள். எங்களுடைய 75, மழுங்காத நிலையில் 50. புரோப்பின் அளவுதிருத்தச் சான்று, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தினுடையது என்று சொன்னால், அந்த ஆய்வகத்தின் அங்கீகார எல்லைக்குள் மின்புல அளவீடு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆண்டெனா வந்து இறங்கியதும் உடம்பில் உள்ள தொடர் எண்ணைச் சான்றோடு ஒப்பிட்டு, தயாரிப்பாளருக்கே மின்னஞ்சல் போட்டு இது என்ன மாடல் என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரே நாளில் பதில் வந்தது.

அந்த ஆண்டெனாவைப் ‘பயன்படுத்திய பொருள்’ என்று சொல்லி நாற்பது சதவீத விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாக டீலர் இப்போது தூது அனுப்பியிருக்கிறார். கொடுக்கப் போவதில்லை, அது சாட்சிப் பொருள். கோவையில் அந்த விலைப்புள்ளியை வைத்திருக்கும் இரண்டு பேரும், 80 மெகாஹெர்ட்ஸில் கெயின் எவ்வளவு என்ற ஒரே கேள்வியை இன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வரைகோட்டோடு பதில் வரும்வரை முன்பணம் போட வேண்டாம்.