எங்க ஊரு பால்வாடி சாப்பாடு எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊரு பால்வாடில மவன விட்டு ஒரு வருஷமாச்சு, சாப்பாடு நெசமாவே நல்லாருக்கு. 2013ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப 3லருந்து 6 வயசு பிள்ளைக்கு தெனமும் 500 கலோரி, 12-15 கிராம் புரோட்டீன்னு அளவு வச்சாவ, 2023ல அந்த அளவ மாத்திட்டாவ; மத்தியானச் சோறு சூடா சமைச்சதா இருக்கணும். முட்டை போடுத அன்னைக்கு ஆயாம்மா தோடு ஒரு பொட்டு இல்லாம உரிச்சு சோத்தோட பெசைஞ்சு குடுக்காவ, வீட்ல முட்டைய பாத்தாலே ஓடுத பய அங்க தட்ட வழிச்சு திங்கான்.

ஒரே கொறை, காய் ரொம்ப கம்மி, பருப்பு சாதத்துல கேரட்ட தேடணும். கலோரி அரிசிலயே நெறஞ்சா போதுமா, காய்க்கும் அளவு பாக்க வேண்டாமா? டீச்சர்ட்ட சொல்லிருக்கேன், மேல எழுதுதேன்னாவ.

சின்னவளுக்கு 2 வயசு, அவளுக்கு வீட்டுக்கே சத்துமாவு தாராவ, கொழுக்கட்டையா புடிச்சு குடுத்தா ரெண்டு கையிலயும் வாங்கிக்கிடுதா.