16 மாத நர்சிங் பட்டப்படிப்பு: இரு குழந்தைகளின் தாயாக என் மதிப்பீடு

நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் விரைவு நர்சிங் பட்டப்படிப்பை அண்மையில் நிறைவு செய்தேன். சேர்ந்தபோது மூத்தவனுக்கு நான்கு வயது, இளையவளுக்கு ஒன்றரை. இதே எண்ணத்தோடு இருக்கும் தாய்மார்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வேறு துறையில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கான படிப்பு இது. விளம்பரத்தில் 16 மாதம் என்று இருந்தாலும், அதற்கு முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும். சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்புகளில் அவற்றை முடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. எனவே 28 மாதம் என்று கணக்கிடுவதே சரி. முதல் பட்டம் கையில் இருப்பதால், வருமானம் குறைந்த இளங்கலை மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் மானியமும் கிடைக்காது.

கற்பித்தலில் எனக்குக் குறையே இல்லை. சிமுலேஷன் அறையில், மூச்சுவிடும், நாடி துடிக்கும் பொம்மை நோயாளியின் இரத்த அழுத்தம் திடீரென்று சரியும். நாங்கள் என்ன செய்தோம், எதைக் கவனிக்கத் தவறினோம் என்பதை ஆசிரியர் அதன்பின் ஒரு மணி நேரம் பொறுமையாக அலசுவார். மருந்தளவுக் கணக்கில் 90 விழுக்காடு எடுக்காதவரை எவரையும் வார்டுக்குள் விடமாட்டார்கள். அப்போது கடுமையாகத் தோன்றியது. ஒரு குழந்தைக்கு எடைக்கேற்ப மருந்து அளந்த நாளில் அந்தக் கண்டிப்புக்கு மனமார நன்றி சொன்னேன். 85 முதல் 150 கேள்விகள் வரை நீளக்கூடிய என்க்ளெக்ஸ் உரிமத் தேர்வுக்கும், அதில் 2023 ஏப்ரல் முதல் இடம்பெறும், ஒரு நோயாளியின் விவரத்தைத் தந்து அதையொட்டி அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கும் முதல் பருவத்திலிருந்தே பயிற்சி தந்தார்கள்.

என் மனத்தாங்கல் கால அட்டவணை பற்றியது. மருத்துவமனைப் பயிற்சி காலை 6:45 மணிக்குத் தொடங்கி 12 மணி நேரம் நடக்கும். எங்கள் டேகேரோ 7 மணிக்குத்தான் திறக்கும். இந்த இடைவெளியை அடைக்க முதல் ஆறு மாதம் மாமியாரும், அடுத்த ஆறு மாதம் என் அம்மாவும் பார்வையாளர் விசாவில் வந்து உதவினார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய ஏற்பாடுதான் இது என்றாலும், இரண்டு ஆறு சேர்ந்தால் பன்னிரண்டுதானே. மீதமிருந்த நான்கு மாதம் எங்களுடையதாயிற்று. அந்த நேரத்தில்தான், எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை என்ற விவரம் பருவம் தொடங்க ஒன்பது நாள் இருக்கையில் வந்தது. கணவர் தம் அலுவலக நேரத்தை மாற்றிக்கொள்ளவும், காலையில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் தேடவும் ஒன்பது நாள் எப்படிப் போதும்?

காய்ச்சல் வந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. மருந்தின்றிக் காய்ச்சல் தணிந்து 24 மணி நேரம் ஆனபின்பே டேகேரில் குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்கள்; பயிற்சியிலோ ஒரு நாளுக்கு மேல் தவறினால் அந்தப் பாடமே கேள்விக்குறியாகிவிடும். குளிர்காலத்தில் என் ஒரே விடுப்பு பிப்ரவரி முதல் வாரத்திலேயே தீர்ந்தது. அதன்பின் இளையவள் இருமினாலே நெஞ்சு பதறும். பிள்ளையின் உடம்பை எண்ணிப் பதறினேனா, பாடத்தை எண்ணிப் பதறினேனா என்று எனக்கே தெரியாத இரவுகள் இருந்தன. நோயாளியின் குடும்பச் சூழலைக் கேட்டறியாமல் பராமரிப்புத் திட்டம் எழுதக்கூடாது என்று கற்பிக்கும் ஒரு துறை, தன் மாணவிகளின் வீட்டையும் அதே அக்கறையோடு கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே, கட்டணத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் விசாரிப்பதோடு நில்லாமல், பயிற்சி அட்டவணை எத்தனை வாரம் முன்னதாகக் கிடைக்கும், தவறிய நாளை ஈடுசெய்ய வழி உண்டா என்ற இரண்டுக்கும் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். படிப்பு முடிவில் தந்த கருத்துப் படிவத்தில் இவற்றை விரிவாக எழுதிக்கொடுத்தேன். அடுத்த அணிக்கு நான்கு வாரம் முன்னதாக அட்டவணை தரப்படும் என்று பதில் வந்திருக்கிறது. விடுப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.